கேளுங்கோ சொல்லுறன்: கோன் குதிச்சா பேஸ் வருமா?

போன இதழில ஸ்பீக்கர் திருத்துறதப் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கேல்ல. வந்ததில பாதிக்கு மேல ஒரே விஷயத்தச் சுத்தித்தான், ஸ்பீக்கர் கோன் ஆடுறது (கோன் எண்டா ஸ்பீக்கருக்கு முன்னால தெரியிற, ஆடிச் சத்தம் போடுற கூம்பு). ஆடினா நல்லதா, ஆடாட்டி பழுதா, பாட்டே போடாம ஏன் ஆடுது, இப்படி. அதால இந்தமுறை முழுக்க கோன்தான். டீவி, ஃப்ரிட்ஜ் கேள்வி அனுப்பினாக்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: அண்ணே, நான் கொட்டாஞ்சேனைல த்ரீவீல் ஓட்டுறேன். பின் சீட்டுக்குப் பின்னால 12 இஞ்சி சப் (பேஸ் மட்டும் போடுற ஸ்பீக்கர்) ஒன்னு பொக்ஸோட போட்டிருக்கேன். பாட்டு போட்டா கோன் ஒரு இஞ்சி வெளிய வந்து உள்ள போகுது, ஏறுற பொடியன்மாரெல்லாம் ஃபோன்ல வீடியோ எடுக்கிறாங்க. ஆனா கூட்டாளிட கார்ல அதே சைஸ் சப் ஆடுறதே தெரியல, அவன்டதுலதான் பேஸ் நல்லா கேக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கூட ஆடினா கூட சத்தம்தானே, எங்க பிழை? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, வீடியோவுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா கோன் எவ்வளவு தூரம் போகுது எண்டத வச்சு சத்தத்த அளக்க ஏலாது. காதுக்கு வாற அழுத்தத்தத் தீர்மானிக்கிறது ரெண்டு விஷயம். ஒண்டு கோன்ட பரப்பளவு, மற்றது கோன்ட முடுக்கம், அதாவது அது தன்ட வேகத்த எவ்வளவு கெதியா மாத்துது எண்டது. போன தூரம் அதுக்குப் பிறகு வாற கணக்குத்தான்.

இத இலக்கத்தில பாத்தா வடிவா விளங்கும். ஒரு ஆறரை இஞ்சி ஸ்பீக்கர எடுங்கோ, ஒரு மீட்டர் தள்ளி நிண்டா 90 டெசிபல் கேக்க வேணும் எண்டு வைப்பம். 1000 ஹேர்ட்ஸ் சத்தமெண்டா, அதாவது செக்கனுக்கு ஆயிரம் தரம் அதிர்ற சத்தமெண்டா, கோன் நடுவில இருந்து ஒரு பக்கத்துக்கு 0.009 மில்லிமீட்டர் போனா காணும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதே 90 டெசிபல் 100 ஹேர்ட்ஸில வேணுமெண்டா 0.9 மில்லிமீட்டர். 50 ஹேர்ட்ஸில 3.6 மில்லிமீட்டர். 25 ஹேர்ட்ஸில 14 மில்லிமீட்டருக்கு மேல, அந்த ஸ்பீக்கரால அது கனவிலயும் ஏலாது. ஃப்ரீகுவன்ஸி, அதாவது இந்த ஹேர்ட்ஸ் கணக்கு, பாதியானா ஆட்டம் நாலு மடங்கு, இதுதான் கணக்கு. இதில பாருங்கோ, சத்தம் எல்லாத்துக்கும் ஒரே அளவு, கண்ணுக்குத் தெரியிற ஆட்டம் மட்டும் ஆயிரம் மடங்குக்கு மேல மாறுது. நீங்க கண்ணால பாக்கிறது ஆகக் கீழ் பேஸ மட்டும்தான், பாட்டில மிச்சமெல்லாம் நடக்கிற ஆட்டம் ஒருத்தருக்கும் தெரியாது.

இப்ப உங்கட 12 இஞ்சிக்கு வாறன். அதின்ட பரப்பளவு ஆறரை இஞ்சியவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு, அப்ப அதே சத்தத்துக்கு கால்வாசி ஆட்டம்தான் தேவை. பெரிய கோன் போடுறதே குறைய ஆட வைக்கத்தான். கூட்டாளிட கார்ல ஆடுறது தெரியேல்ல எண்டா அங்க எல்லாம் சரியா வேலை செய்யுது எண்டு அர்த்தம்.

உங்கடது குதிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். முதலாவது பொக்ஸ். எங்கயாவது வெடிப்பு, வயர் போற ஓட்டை, பலகை மூட்டில பசை விட்ட இடம் இருந்தா கோன் முன்னால தள்ளுற காத்தும் பின்னால இழுக்கிற காத்தும் ஒண்டையொண்டு வெட்டிவிடும், பொக்ஸுக்குள்ள இருக்கிற காத்து ஸ்பிரிங் மாதிரி கோனப் பிடிக்கிறதும் போயிடும், கோன் தாண்டவம் ஆடும் சத்தம் வராது. பொக்ஸ் சுத்தி ஈரக் கையப் பிடிச்சுப் பாருங்கோ, காத்துப் பட்டா அங்கதான் ஒழுக்கு (போர்ட் எண்டு பொக்ஸில வேணுமெண்டே வெட்டின ஓட்டையால வாற காத்து வேற, அது வரத்தான் வேணும்). ரெண்டாவது உங்கட வாகனமே திறந்த வாகனம். கார் கண்ணாடிய மூடினா உள்ளுக்கு அடைபட்ட சின்ன அறை, 60, 70 ஹேர்ட்ஸுக்குக் கீழ அந்த அறையே பேஸத் தூக்கிக் குடுக்கும், அம்ப்ளிஃபயர் செய்ய வேண்டிய வேலையில பெரும் பங்க கார் செய்யுது. த்ரீவீலில ரெண்டு பக்கமும் திறந்திருக்கு, பேஸ் எல்லாம் ஆர்மர் வீதிக்குப் போயிடும். அதுக்கு நீங்க வொலியூமக் கூட்ட, கோன் இன்னும் குதிக்குது.

குதிச்சா என்ன நட்டம் எண்டு கேப்பீங்க. கோனுக்குப் பின்னால ஒட்டியிருக்கிற வொய்ஸ் கொயில் எண்ட கம்பிச் சுருள் காந்தத்தின்ட ஒடுக்கமான இடைவெளிக்குள்ள நிண்டாத்தான் கரண்ட் முழுசா தள்ளாக மாறும். இடைவெளி 8 மில்லிமீட்டர் உயரம், கொயில் 24 மில்லிமீட்டர் உயரம் எண்டு வைங்கோ, அப்ப நடுவில இருந்து 8 மில்லிமீட்டர் வரைக்கும் எந்தப் பக்கம் போனாலும் இடைவெளி நிறையக் கொயில் இருக்கும். கடைக்காரர் எக்ஸ்-மெக்ஸ் எண்டு சொல்லுறது இதைத்தான். அதத் தாண்டினா இடைவெளிக்குள்ள கம்பிச் சுத்து குறையுது, தள்ளு குறையுது, அதே நேரம் கோனச் சுத்தியிருக்கிற சரவுண்டும் உள்ளுக்கிருந்து கொயில நடுவில பிடிக்கிற ஸ்பைடரும் இழுபட்டு விறைக்குது, அலையின்ட உச்சி தட்டையாகுது. உச்சி தட்டையானா பாட்டில இல்லாத புதுச் சத்தம் பிறக்கும். நீங்க குடுத்தது 40 ஹேர்ட்ஸ், அதோட சேந்து 80உம் 120உம் வருது. பகிடி என்னெண்டா நம்மட காதுக்கு 120 ஹேர்ட்ஸ் 40 ஹேர்ட்ஸவிட எவ்வளவோ கூடக் கேக்கும், அதால ஆக்கள் அந்தக் கள்ளச் சத்தத்தையே நல்ல அடி விழுது எண்டு ரசிக்கினம். உங்கட ஒரு இஞ்சி ஆட்டத்தில பக்கத்துக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல போகுது, விலைகூடின சப் எண்டா தாங்கும், மலிவு சாமான் எண்டா பாதி நேரம் நீங்க கேக்கிறது பாட்டையே இல்ல.

செய்ய வேண்டியது, ஒழுக்க அடையுங்கோ, அம்ப்ளிஃபயரில சப்சொனிக் எண்டு ஒரு சுவிட்ச் இருந்தா அதப் போட்டு 30, 35 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டிவிடுங்கோ. வீடியோவுக்கு ஆள் வராது, பேஸ் வரும்.

கேள்வி: நான் வெள்ளவத்தையில ஃபிளட்டில இருக்கிறன். புத்தக அலுமாரியில வைக்கிற சின்ன ஸ்பீக்கர் சோடி, ஆறரை இஞ்சி வூஃபர் (பேஸ் போடுற பெரிய கோன்), பின்பக்கம் ஓட்டை வச்சது. பேஸ் காணாது எண்டு மகன் டோன் கொன்ட்ரோல முழுக்கக் கூட்டி வச்சிட்டார். இப்ப கச்சேரி கேக்கேக்க மிருதங்கம் தொப்பியில அடி விழுற நேரம் பாடுறவரின்ட குரல் நடுங்குற மாதிரி, தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. மகன் என்ட காதிலதான் பிழை எண்டுறார். (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அம்மா, உங்கட காது சரி, மகனிட்ட இந்தப் பக்கத்தக் காட்டுங்கோ.

உங்கட ஸ்பீக்கரில குரலின்ட பெரும்பகுதியும் மிருதங்கத்தின்ட இடந்தலையும் ஒரே கோனாலதான் வருது. குரலுக்கு அந்தக் கோன் நூறில ஒரு மில்லிமீட்டர் அளவில ஆடுது, அதே நேரம் பேஸுக்கு மில்லிமீட்டர் கணக்கில முன்னுக்குப் பின்னுக்குப் போய் வருது. பேஸ் கொயில வெளிய இழுத்துக்கொண்டு போற நேரத்தில காந்தத்தின்ட பிடி குறையுது, அந்தக் கணத்தில குரலுக்குக் கிடைக்கிற தள்ளும் குறையுது, கோன் நடுவுக்கு வந்தோண்ண திரும்பக் கூடுது. பேஸ் 50 ஹேர்ட்ஸ் எண்டா இது செக்கனுக்கு அம்பது தடவைக்குக் குறையாம நடக்கும். நீங்க நடுக்கம் எண்டு சொன்னீங்களே, அந்தச் சொல்லுக்கு மேல நான் விளக்கம் சொல்லத் தேவையில்ல. இஞ்சினியர்மார் இதுக்கு இன்டர்மொடியுலேஷன் எண்டு பேர் வச்சிருக்கினம். தனிச் சத்தத்தில வாற டிஸ்டோர்ஷனவிட, அதாவது மேல சொன்ன கள்ளச் சத்தத்தவிட, இதுதான் காதுக்குக் கூட அரியண்டம், ஏனெண்டா புதுசாப் பிறக்கிற சுரங்களுக்குப் பாட்டின்ட சுருதியோட ஒரு சம்பந்தமும் இருக்காது.

இதுக்குள்ள இன்னொரு கூத்தும் இருக்கு. ஃபிளட் கடற்கரைப் பக்கமெண்டா ரயில் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு கிட்ட வரேக்க கூர்மையாவும் கடந்து போனோண்ண இறங்கியும் கேக்கிறத தினம் கேப்பீங்க, டொப்ளர் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது. கோனும் அதையேதான் செய்யுது. பேஸுக்காக முன்னுக்கு வாற கோனில இருந்து பிறக்கிற குரல் கொஞ்சம் ஏறும், பின்னுக்குப் போகேக்க கொஞ்சம் இறங்கும். 50 ஹேர்ட்ஸில 3.6 மில்லிமீட்டர் ஆடுற கோன் ஆகக் கூடின வேகத்தில செக்கனுக்கு 1.1 மீட்டர் போகுது, அப்ப 1000 ஹேர்ட்ஸ் சுரம் 997க்கும் 1003க்கும் நடுவில அலையும். 1943இலயே ஆர்.சி.ஏ. கொம்பனிக்காரர் பியர்ஸ், பெலார் ரெண்டு பேரும் இதக் கணக்குப் போட்டு எழுதிட்டாங்கள். ஆனா என்னக் கேட்டா இத வச்சுப் பெரிசாப் பயப்பட ஒண்டுமில்ல, உங்கட வீட்டில நடக்கிறதில பெரிய பங்கு முதல் சொன்ன காந்தப் பிடி விஷயம்தான்.

இப்ப டோன் கொன்ட்ரோல். பேஸ 10 டெசிபல் கூட்டினா அம்ப்ளிஃபயர் அந்த இடத்தில பத்து மடங்கு பவர் குடுக்க வேணும், கோன் மூண்டு மடங்குக்கு மேல ஆட வேணும். மூண்டு மில்லிமீட்டர் ஆடின கோன் ஒம்பது மில்லிமீட்டருக்கு எங்க போறது? அதோட உங்கட பொக்ஸில ஓட்டை இருக்கு. அந்த ஓட்டை ஒரு குறிப்பிட்ட ஃப்ரீகுவன்ஸிக்குத் தக்க அளவில வெட்டினது, சின்னப் பொக்ஸில 50, 60 ஹேர்ட்ஸ் பக்கம் இருக்கும். அந்த இடத்தில ஓட்டைக் காத்துத்தான் வேலை செய்யும், கோன் கிட்டத்தட்ட அசையாம நிக்கும், இது நல்ல விஷயம். ஆனா அதுக்குக் கீழ இறங்கினா காத்து ஓட்டையால சும்மா போய் வரத் தொடங்கிடும், கோனப் பிடிக்க ஒண்டும் இல்ல, சத்தமும் இல்ல, ஆட்டம் மட்டும்.

டோன் கொன்ட்ரோல நடுவுக்குக் கொண்டு வாங்கோ. பேஸ் காணாதெண்டா ஸ்பீக்கரச் சுவருக்குக் கிட்டத் தள்ளுங்கோ, சுவர் சும்மா ஒரு சில டெசிபல் தரும், அதுக்காகக் கோன் ஒரு துளியும் கூடுதலா ஆடத் தேவையில்ல. ஓட்டைக்கும் சுவருக்கும் நடுவில கை போற அளவு இடம் விடுங்கோ. அதுக்கும் காணாதெண்டா ஒரு சப் வாங்கி 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் அதிட்டக் குடுத்து சின்னக் கோன் ரெண்டையும் குரலுக்கு மட்டும் விடுங்கோ. மேல் வீட்டுக்காரர் வந்து கதவத் தட்டினா அதுக்கு நான் பொறுப்பில்ல.

கேள்வி: பேரன் வூஃபர் நடுவில இருக்கிற தொப்பிய விரலால அமத்திட்டான், உள்ளுக்குப் போய் நசுங்கியிருக்கு. சத்தம் பழுதாகுமா? (வாசகர், மட்டக்குளி)

பதில்: வூஃபர் எண்டா பெரும்பாலும் ஒண்டுமில்ல, அந்தத் தொப்பி தூசி மூடிதான். கொயிலுக்கு நடுவில நிக்கிற இரும்புக் கம்பத்தில முட்டாம இருந்தாச் சரி. ஒட்டுற டேப் ஒரு துண்டு வச்சு மெதுவா இழுத்துப் பாருங்கோ, வராட்டி விட்டிடுங்கோ. ட்வீட்டரில (கூர்மையான சத்தம் போடுற சின்ன ஸ்பீக்கரில) நசுங்கினது எண்டா கதை வேற, அங்க அந்தக் குமிழ்தான் சத்தம் போடுறதே.

கேள்வி: தொண்ணூறுகள்ல அப்பா வெளிநாட்டில இருந்து கொண்டு வந்த ஸ்பீக்கர் சோடி. கோனச் சுத்தியிருந்த கறுப்பு ஸ்பொஞ்ச் தொட்டாத் தூளாக் கொட்டுது. ஒரு கடையில முழுசா மாத்தச் சொன்னாங்க, இன்னொரு கடையில துணி வச்சு ஒட்டித்தாறம் எண்டாங்க. எதச் செய்யுறது? (வாசகர், தெகிவளை)

பதில்: ரெண்டும் வேணாம். அது பொலியூரித்தேன் ஃபோம், ஈரப்பதன் அதத் தின்னும். குளிர் நாட்டில பதினைஞ்சு இருவது வருஷம் போறது நம்மட கடற்கரைக் காத்தில முந்தியே போயிடும், பாவிக்காம அலுமாரியில வச்சாலும் போகும். நீங்க ஒண்டும் செய்து பழுதாக்கேல்ல.

துணி வச்சு ஒட்டுறதில என்ன பிழை எண்டா, அந்தச் சரவுண்ட் வெறும் ஒட்டுத் துண்டு இல்ல. கோன நடுவில பிடிக்கிறதும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுவையில விடுறதும், கோன்ட விளிம்புக்கு வந்து சேருற அதிர்வ அங்கேயே உறிஞ்சுறதும் அதின்ட வேலை. தடிச்ச துணியும் ரப்பர் பசையும் போட்டா கோன் விறைச்சு, கீழ் பேஸ் குறைஞ்சு, சின்னச் சத்தத்தில ஒரு மாதிரியும் பெரிய சத்தத்தில வேற மாதிரியும் கேக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும்.

அளவுக்குச் சரியான சரவுண்ட் சோடியாத் தனிய வாங்கலாம். ரப்பர் கிடைச்சா ரப்பர், ஆனா ரப்பர் பாரம் கூட, முதல் இருந்தது ஃபோம் எண்டா மெல்லிசு பாத்து எடுங்கோ. புறக்கோட்டையில முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஏறி இறங்கினா ஸ்பீக்கர் உதிரிச் சாமான் விக்கிறாக்கள் இருக்கினம். கோன்ட விட்டம், வெளி விட்டம், சுருள் அகலம் மூண்டையும் மில்லிமீட்டரில எழுதிக்கொண்டு போங்கோ, எட்டு இஞ்சி எண்டு மட்டும் சொன்னா எதையாவது கட்டித் தந்துவிடுவாங்கள்.

ஒட்டுற வேலையில முக்கியம் நடுப்பிடிக்கிறது. கொயிலுக்கும் காந்த இரும்புக்கும் நடுவில இருக்கிற இடம் மில்லிமீட்டரில சின்னப் பங்கு, கடதாசி ரெண்டு மூண்டு போற அளவு. கோன் ஒரு பக்கம் சரிஞ்சு காஞ்சிட்டா ஒவ்வொரு ஆட்டத்திலயும் கொயில் உரசும், கீழ் வொலியூமில தெரியாது, பேஸ் வந்தோண்ண கரகரக்கும், கொஞ்ச நாளில கம்பியின்ட பூச்சு தேஞ்சு கொயில் எரியும். தூசித் தொப்பியக் கழட்டி நடுக் கம்பத்துக்கும் கொயிலுக்கும் இடையில மெல்லிய பிளாஸ்டிக் கீலம் நாலு செருகி வச்சு ஒட்டுறது ஒரு முறை. தொப்பி கழட்ட மனமில்லாட்டி, முதல் கோனில உள் விளிம்ப ஒட்டிக் காயவிட்டு, வெளி விளிம்புக்குப் பசை போட்டு இறுகுறதுக்கு முதல் 20, 30 ஹேர்ட்ஸ் டோன் ஒண்ட ஃபோனில இருந்து அம்ப்ளிஃபயருக்கு மெல்லிய சத்தத்தில குடுங்கோ. கோன் மெதுவா ஆடும், காதக் கிட்ட வச்சு உரசல் கேக்குதா பாத்து விளிம்ப ஒரு பக்கம் நகத்தி, சத்தமில்லாம ஆடுற இடத்தில விட்டிடுங்கோ. காஞ்ச பிறகு ரெண்டு கைவிரலாலயும் எதிரெதிர்ப் பக்கம் வச்சு ஒரே அளவா அமத்தி விடுங்கோ, சீர் எண்டு ஒரு சின்ன உரசல் கேட்டாலும் வேலை திரும்பச் செய்ய வேணும்.

இன்னொண்டு, கடலுக்குக் கிட்ட இருந்த ஸ்பீக்கர் எண்டா காந்த இரும்பில கறள் பிடிச்சு இடைவெளிக்குள்ள வீங்கியிருக்கும். அப்படியெண்டா சரவுண்ட் மாத்திப் பிரயோசனம் இல்ல, அப்பத்தான் முதல் கடைக்காரர் சொன்னது சரி.

கேள்வி: அப்பப்பாவின்ட பழைய ரெக்கோட் பிளேயரத் திருத்தி எடுத்தேன். ஊசி ரெக்கோட்ல பட்டவுடனே, பாட்டு தொடங்க முதலே, வூஃபர் ரெண்டும் மூச்சு விடுற மாதிரி உள்ள வெளிய போய் வருது. சத்தம் ஒண்ணும் இல்ல. பேய் கீயா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: பேய் இல்ல, ரெக்கோட் வளைஞ்சிருக்கு. எல்.பி. ரெக்கோட் நிமிஷத்துக்கு 33 சுத்து சொச்சம், அதாவது 1.8 செக்கனுக்கு ஒரு சுத்து. கோன் மூச்சு விடுற நேரத்த மணிக்கூட்டில பாருங்கோ, அதே 1.8 செக்கன் வந்தா வளைவுதான். ஊசி அந்த மேட்டில ஏறி இறங்கிறத பிளேயர் சத்தம் எண்டே நினைச்சு அனுப்புது, அரை ஹேர்ட்ஸ் சத்தம், மனிசக் காதுக்கு 20 ஹேர்ட்ஸுக்குக் கீழ கேக்காது. அதவிடக் கெதியாத் துடிச்சா ஊசிக் கையும் கார்ட்ரிஜ்ஜும் (ஊசி பூட்டியிருக்கிற துண்டு) ஒண்டுக்கொண்டு பொருந்தாம 7, 8 ஹேர்ட்ஸுக்குக் கீழ ஆடுது எண்டு அர்த்தம்.

கேக்காததுதானே எண்டு விடாதீங்கோ. மேல வெள்ளவத்தை அம்மாவுக்குச் சொன்ன கதைதான் இங்கயும், கோன் தன்ட இடத்த விட்டு விலகி நிக்கேக்க பாடுற பாட்டும் விலகி வரும், கேக்காத ஆட்டம் கேக்கிற பாட்டக் கெடுக்கும். பழைய அம்ப்ளிஃபயர்கள்ல ரம்பிள் ஃபில்டர் எண்டு ஒரு பட்டன் இருக்கும், எழுவதுகளில வந்த செட்டுகளில கூடுதலா இருக்கும், அதுக்காகத்தான் வச்சது, அமத்துங்கோ. ரெக்கோட் பிளேயருக்குப் புது ஃபோனோ ப்ரீ-அம்ப் வாங்குறதெண்டா லோ-கட் (கீழ் சத்தத்த வெட்டுற வசதி) இருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ. ரெக்கோட்ட வெயிலில வச்சு நிமித்தலாம் எண்டு ஆரும் சொன்னா நம்ப வேணாம், கொழும்பு வெயிலுக்கு அது அப்பளமா எழும்பும்.

கேள்வி: மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில பொறியியல் படிக்கிறன். கோன் சிக்னல் சொன்ன மாதிரி ஆடினாச் சரி எண்டா, ஒரு சென்சர் பூட்டி ஆட்டத்த அளந்து பிழையத் திருத்திவிடலாமே, ஏன் எல்லா ஸ்பீக்கரிலயும் அது இல்ல? மற்றது கடதாசிக் கோன் நல்லமா அலுமினியக் கோன் நல்லமா? (வாசகர், கட்டுபெத்த)

பதில்: கேள்வி ரெண்டும் ஒண்டுக்கொண்டு சொந்தம், தம்பி, அதால கொஞ்சம் சுத்தி வாறன்.

இண்டைக்கும் நாங்க பாவிக்கிற ஸ்பீக்கர் 1925இல ஜெனரல் எலெக்ட்ரிக்கில ரைஸ், கெலொக் ரெண்டு பேரும் வெளியிட்ட அமைப்புத்தான். அவையின்ட கெட்டித்தனம் என்னெண்டா கோன்ட சொந்த அதிர்வெண்ணப் பாட்டு தொடங்கிற இடத்துக்குக் கீழ கொண்டு போய் வச்சது. அதுக்கு மேல கோன்ட பாரம்தான் ஆட்சி செய்யும், ஒரே விசைக்கு ஒரே முடுக்கம், ஃப்ரீகுவன்ஸி எதுவா இருந்தாலும் சத்தம் ஒரே அளவு. இதெல்லாம் கோன் ஒரு கட்டித் தகடு மாதிரி முழுசா ஒண்டா ஆடும் வரைக்கும்தான்.

அது ஆடாது. கொயில் தள்ளுறது கோன்ட கழுத்தில, அந்தத் தள்ளு விளிம்புக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஃப்ரீகுவன்ஸி ஏற ஏற கழுத்து முன்னுக்குப் போகேக்க விளிம்பு இன்னும் பின்னுக்கு வாற நிலமை வரும், கோன் வளையத் தொடங்கும், இதப் பிரேக்-அப் எண்டுவாங்கள். கடதாசி கெதியா வளையும், ஆனா அதுக்குள்ளேயே உராய்வு இருக்கு, அதிர்வ விழுங்கிவிடும், பிழை மெல்லப் பரவி வரும். அலுமினியம் விறைப்பு, ஆறரை இஞ்சியில 5000 ஹேர்ட்ஸ் பக்கம் வரைக்கும் ஒழுங்கா நிக்கும், பிறகு ஒரே இடத்தில மணி மாதிரிக் கணீரெண்டு அடிக்கும். குரொஸ்ஓவரில (எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம் எண்டு பிரிக்கிற சர்க்கிட்டில) வெட்டலாம்தானே எண்டு கேப்பீங்க, வெட்டலாம், ஆனா 1700 ஹேர்ட்ஸில கொயில் சின்னப் பிழை விட்டா அதின்ட மூண்டாம் ஹார்மொனிக் (மூண்டு மடங்கு ஃப்ரீகுவன்ஸிச் சத்தம்) 5100இல, அந்த 5000 பக்கமே விழும், அது குரொஸ்ஓவருக்குப் பிறகு கோனிலயே பிறக்கிறது, அங்க மணி காத்துக்கொண்டு நிக்குது. அறுபதுகளில பிபிசி ஆராய்ச்சிக்காரர் கடதாசி ஒண்டுபோல வாறதில்ல, ஈரத்துக்கு மாறுது எண்டு பெக்ஸ்ட்ரீன் பிளாஸ்டிக்குக்குப் போய், அதுக்கும் பூச்சு பூசி, பிறகு எழுவதுகளில பொலிபுரொப்பிலீனுக்கு வந்தவை. எது நல்லம் எண்டதுக்கு என்ட பதில், நல்லாச் செய்த கடதாசி. அலுமினியத்துக்குப் பின்னால கெட்டிக்கார குரொஸ்ஓவர் ஒண்டு வேணும், மலிவு செட்டில அது இருக்காது.

இப்ப சென்சருக்கு வாங்கோ. பிலிப்ஸ் எழுவதுகளிலயே செய்தது, எம்.எஃப்.பி. எண்டு பேர், வூஃபருக்குள்ள முடுக்கம் அளக்கிற சின்ன பியேஸோத் துண்டு, அது சொல்லுறத சிக்னலோட ஒப்பிட்டு அம்ப்ளிஃபயர் திருத்தும். சின்னப் பொக்ஸில இருந்து நம்ப ஏலாத பேஸ் வந்தது. ஆனா சென்சர் இருக்கிறது கொயில் பக்கம், விளிம்பு வேற விதமா வளைஞ்சா அதுக்குத் தெரியாது, அதால பேஸுக்கு மட்டும்தான் உதவும். அடுத்தது, கொயில் எல்லைக்குப் போய் நிண்டா திருத்துற சர்க்கிட் இன்னும் தள்ளு இன்னும் தள்ளு எண்டு பவரக் கொட்டும், போக இடமில்லாதவனத் தள்ளி என்ன பிரயோசனம். அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சோடியாத்தான் விக்க ஏலும், அதுவும் சந்தைக்குப் பிடிக்கேல்ல.

அந்த யோசனை சாகேல்ல, உங்கட பொக்கெட்டுக்குள்ள வந்து நிக்குது. இப்பத்த நல்ல ஃபோன்கள்ல ஸ்பீக்கருக்குப் போற வோல்டேஜையும் கரண்டையும் அம்ப்ளிஃபயர் சிப் விடாமப் பாத்துக்கொண்டிருக்கு, அத வச்சு கோன் எவ்வளவு தூரம் போயிருக்கும், கொயில் எவ்வளவு சூடாயிருக்கும் எண்டு கணக்குப் போட்டு எல்லைக்குக் கிட்ட வந்தோண்ண பேஸ மட்டும் குறைக்குது. வொலியூமக் கூட்டக் கூட்ட ஃபோனில பேஸ் மெலியிறது அதாலதான். தனிச் சென்சர் இல்ல, கொயிலேதான் சென்சர். ஃபைனல் இயர் புரொஜெக்ட்டுக்கு விஷயம் தேடுறீங்க எண்டா இதப் பாருங்கோ.

கேள்வி: கலியாண மண்டபங்களுக்கு சவுண்ட் செட் வாடகைக்கு விடுறேன். பின்னேரம் நல்லாக் கேக்கிற ஸ்பீக்கர் இரவு டான்ஸ் நேரம் அமுங்கிப் போகுது, வொலியூம் கூட்டினாலும் ஏறுதில்ல. கோன் களைச்சுப் போகுமா? (வாசகர், தெமட்டகொட)

பதில்: களைக்கிறது கோன் இல்ல, கொயில். நீங்க குடுக்கிற பவரில நூறில ஒண்டு ரெண்டு, நல்ல பீ.ஏ. (மண்டபம், மேடைக்கான) ஸ்பீக்கரெண்டா இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் சத்தமாகும், மிச்சம் முழுக்க கொயிலில சூடு. செப்புக் கம்பி 150 பாகை கூடச் சூடானா தடை 60 வீதத்துக்குக் கிட்டக் கூடும், கரண்ட் குறையும், சத்தம் நாலு டெசிபல் அளவு விழும். நீங்க அதுக்கு வொலியூமக் கூட்டுறது எரியிற அடுப்புக்கு விறகு வைக்கிறது. ஸ்பீக்கர் எண்ணிக்கையக் கூட்டி ஒவ்வொண்டுக்கும் பவரக் குறையுங்கோ, பொக்ஸ் ஓட்டை எந்த ஃப்ரீகுவன்ஸிக்கு வெட்டினதோ அதுக்குக் கீழ வாற பேஸ வெட்டுங்கோ, டீஜே பொடியன் மிக்ஸர் சிவப்பில நிக்க விடாதீங்கோ.

கேள்வி: புது ஸ்பீக்கர் வாங்கினா நூறு மணித்தியாலம் ஓடவிட்டாத்தான் கோன் இளகும் எண்டு கடைக்காரர் சொல்லுறார். உண்மையா? (வாசகர், கிருலப்பனை)

பதில்: ஸ்பைடரும் சரவுண்டும் முதல் முதல் நல்லா ஆடேக்க கொஞ்சம் இளகும், அது உண்மை, ஆனா அதில பெரும் பங்கு முதல் கொஞ்ச நேரத்திலயே நடந்து முடிஞ்சிடும். மிச்ச மணித்தியாலத்தில பழகிறது உங்கட காது. பில்லில திருப்பிக் குடுக்கிற தவணை எத்தின நாள் எண்டு பாத்திட்டு, அதுக்குள்ள கேட்டு முடிவெடுங்கோ.